வருடத்துக்கு 32 ஆயிரம்: காலேஜ் பட்டியல் போடும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ அனுப்பிய ஊருணிப் படத்தை அப்பாவிடமும் காட்டினேன். படித்துறையில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று எண்ணிப் பார்த்து, "போன தடவை நாம் போனபோது இதைவிட மூன்று படி கீழே இருந்தது" என்றார். அம்மாச்சி உன்னை வெயிலில் அலையவிடுகிறார்களா, இல்லை ஆடிக்காற்று அடிக்கிறதென்று வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்திருக்கிறார்களா?

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இங்கே நியூஜெர்சியில் ராத்திரி ஒன்பது என்றால் அங்கே ஊரில் காலை ஆறரை. நீ அரைத்தூக்கத்தில் 'ம்' போடுவாய், நானும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். தமிழில் எழுதினால் நீ ஒரு வரியை இரண்டு முறை படிப்பாய், அதுவும் நல்லதுதான். புரியாத இடத்தில் அம்மாச்சியைக் கேள். காசு விஷயம் அவர்களுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகப் புரியும்.

பல காலேஜ்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப், ஆகஸ்ட் 1-ஆம் தேதி புது வருடத்துக்குத் திறக்கிறது. நீ திரும்பி வருவதற்குள் உன் மனதில் ஒரு பட்டியல் முடிவாகியிருக்கும். அதற்கு முன்னால் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 32 ஆயிரம் டாலர். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், தீபாவளிக்கோ தேங்க்ஸ்கிவிங்குக்கோ வீட்டுக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்து.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரியவேண்டும். படிப்புக்கென்று உன் பெயரில் சேர்த்துவரும் 529 கணக்கில் 50 ஆயிரம் இருக்கிறது. நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 12,500. எங்கள் இரண்டு சம்பளத்திலிருந்தும் மூச்சு முட்டாமல் எடுக்கக்கூடியது 14 ஆயிரம். மீதி 5,500 உன் பெயரில் அரசாங்கம் தரும் மாணவர் கடன். முதல் வருடம் அவ்வளவுதான் தருவார்கள். இரண்டாம் வருடம் 6,500, அடுத்த இரண்டு வருடமும் 7,500, ஆக நான்கு வருடத்துக்கு 27 ஆயிரம். கட்டணம் வருடா வருடம் ஏறும், அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை இந்தக் கூடுதல் கடன் தாங்கிக்கொள்ளும். படித்து முடித்து வேலைக்குப் போகிற பெண் 27 ஆயிரத்தை அடைத்துவிடலாம். அதற்குமேல் உன் தலையில் ஒரு டாலர்கூட ஏற்ற எனக்குச் சம்மதமில்லை.

பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனைப் பற்றி நீ கேட்டாய். முன்பெல்லாம் காலேஜ் சொல்லும் செலவு முழுவதற்கும் அதை வாங்கலாம். 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு வருடத்துக்கு 20 ஆயிரம், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65 ஆயிரம் என்று கட்டிவிட்டார்கள். கட்டாமல் விட்டிருந்தாலும் நாங்கள் வாங்கப்போவதில்லை. அப்பாவுக்கு 53 வயது. 2023-ல் வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தாரே, அந்த மாதங்களில் இந்த வீட்டுக்கடனைக் கட்ட நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம். இன்னொரு கடனை அந்தக் கடனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க மாட்டேன்.

இதையெல்லாம் ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், உன் அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை.

அவன் பட்டியல் போட்டபோது 14 காலேஜ். எல்லாமே பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரிகிற இடங்கள். "முதலில் கிடைக்கட்டும், பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பா சொன்னார், நானும் தலையாட்டினேன். நம் ஊரில் பிள்ளைக்கு நல்ல இடத்தில் சீட் கிடைத்துவிட்டால் எப்படியாவது புரட்டிவிடுவார்கள். நகை இருக்கும், நிலம் இருக்கும், சித்தப்பா இருப்பார். அந்த நினைப்பிலேயே இங்கேயும் இருந்துவிட்டோம். அந்த வருடம் படிப்பு உதவி கேட்டு அரசாங்கத்துக்குப் போடும் ஃபாஃப்சா படிவமும் வழக்கம்போல அக்டோபரில் திறக்கவில்லை. படிவத்தையே மாற்றுகிறோம் என்று சொல்லி 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தார்கள். அந்தத் தகவல் காலேஜ்களுக்குப் போய்ச் சேரவே மார்ச் ஆகிவிட்டது. எவ்வளவு கட்டவேண்டும் என்று தெரியாமலேயே அவன் ஆசையை வளர்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது இடத்தில் இல்லை என்றார்கள். ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அப்பா அன்றைக்கே அதன் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட் ஆர்டர் பண்ணினார். ஏப்ரலில் உதவித்தொகைக் கடிதம் வந்தது. வருடத்துக்கு 87 ஆயிரம். 'உங்களுக்கான உதவி' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி, 5,500. அதுவும் கடன். சமையலறை மேஜையில் நான், அப்பா, அவன் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ராத்திரி பதினொன்றரை. அப்பா கால்குலேட்டரில் அதே கணக்கை நான்கு முறை போட்டார். நான்கு முறையும் அதே விடைதான் வந்தது. அண்ணன் எழுந்து, "பரவாயில்லைம்மா, ரட்கர்ஸ் நல்ல காலேஜ்தான்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் நல்ல காலேஜ்தான், அவன் அங்கே நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் போன மாதம் அவன் அலமாரியை ஒழித்தபோது அந்த ஸ்வெட்ஷர்ட் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் அடியில் மடித்து வைத்திருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அவன்தான். "பாப்பாவிடம் தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்மா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். ஆறு வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆபீஸில் இன்ஷூரன்ஸ் பில்லிங் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் காலேஜ்களின் கணக்கும் மெல்லப் பிடிபட்டது.

இப்போது அங்கே கீழராஜ வீதியில் ஆடித் தள்ளுபடி நடக்கும், நீயே பார்த்திருப்பாய். 1,800 ரூபாய் என்று சீட்டு ஒட்டிய புடவையை 1,100-க்குத் தருவார்கள். சீட்டில் இருக்கும் விலையைக் கொடுத்து யாரும் வாங்குவதில்லை. இங்குள்ள தனியார் காலேஜ்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். காலேஜ்களின் கணக்கு வழக்கு பார்க்கும் அதிகாரிகளுக்கு நாகுபோ என்று ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் வருடா வருடம் எடுக்கும் கணக்கின்படி தனியார் காலேஜ்கள் முதல் வருட மாணவர்களுக்குச் சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்குமேல் தள்ளுபடி செய்கின்றன. ஒரு பகுதி வருமானத்தைப் பார்த்துத் தருவது. இன்னொரு பகுதி மார்க்கையும் திறமையையும் பார்த்துத் தருவது, அதுதான் மெரிட். தர்மத்துக்காகத் தருவதில்லை. இடம் காலியாகக் கிடப்பதைவிட 60 ஆயிரம் கட்டணத்தில் 25 ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டு, நல்ல மார்க் எடுத்த ஒரு பிள்ளையையும் மீதி 35 ஆயிரத்தையும் வாங்கிக்கொள்வது அவர்களுக்கு லாபம். நீ அவர்களுக்கு வேண்டியவள் என்றால் தருவார்கள். அதனால் உன்னைத் தேடுகிற காலேஜ் எது என்பதைத்தான் நாம் தேடவேண்டும்.

உன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாயே, அந்தப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்கிற கடை இல்லை. ஐவி லீக் எட்டிலும் மெரிட் என்று ஒரு சென்ட்கூடக் கிடையாது. எம்.ஐ.டி.யிலும் அப்படித்தான். அங்கே வருகிற எல்லாப் பிள்ளைகளுமே முதல் மார்க்தான், யாருக்கு என்று கொடுப்பார்கள்? வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அவர்கள் அள்ளித் தருகிறார்கள், அது உண்மை, பாராட்டவேண்டியது. நாம் அந்தக் கணக்கில் வரவில்லை. ஃபாஃப்சா போட்டால் எஸ்.ஏ.ஐ. என்று ஒரு எண் வரும், குடும்பத்தால் எவ்வளவு தாங்கமுடியும் என்பதற்கு அவர்கள் போடும் குறியீடு. நமக்கு 51 ஆயிரம் வருகிறது. அம்மாச்சியின் முழங்கால் ஆபரேஷனுக்கு அனுப்பியதும், மாதா மாதம் தாத்தா மருந்துக்கு அனுப்புவதும் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது. போதாததற்கு, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் காலேஜில் இருந்தால் அந்த எண்ணைப் பாதியாக்கும் வழக்கம் இருந்ததே, அதையும் 2024-25-லிருந்து எடுத்துவிட்டார்கள். நீயும் அண்ணனும் சேர்ந்து படிக்கப்போகிற அந்த ஒரு வருடத்துக்குச் சலுகை இல்லை. தேவைக்கு மேலே, வசதிக்குக் கீழே இருக்கிறோம் நாம். நம் தெருவில் பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை.

யூகம் பண்ணவேண்டியதில்லை, உதவி போக நாம் எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. அரசாங்க உதவி வாங்கும் ஒவ்வொரு காலேஜும் அதைத் தன் இணையதளத்தில் வைத்தாகவேண்டும் என்று 2011-லிருந்து சட்டம். வரிப்படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் சுவரில் இருக்கும் இடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் கட்டவேண்டியது வருடம் 61 ஆயிரம் என்று வந்தது. இரண்டு முறை போட்டேன் கண்ணு, அப்பா மாதிரி.

இனி நான் கண்டுபிடித்த ஒரு விஷயம். ஒவ்வொரு காலேஜும் காமன் டேட்டா செட் என்று வருடத்துக்கொரு கணக்கு வெளியிடும். காலேஜ் பெயரோடு அந்த மூன்று வார்த்தையைச் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். நாற்பது பக்கம் போல இருக்கும், பயப்படாதே, எச் என்ற பிரிவுக்குப் போ. முதலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் உதவி தேவை என்று கணக்கிடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நம்மைப் போலத் தேவை இல்லை என்று முடிவு செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை வரும். அடுத்து எச்2ஏ என்று ஒரு சின்னப் பட்டியல். அந்தத் தேவை இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கொடுத்தார்கள், சராசரியாக எவ்வளவு என்று அதில் இருக்கும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், 1,000 பேர் சேர்ந்தார்கள், 450 பேருக்குத் தேவை, மீதி 550. அதில் 420 பேருக்குச் சராசரி 24 ஆயிரம் கொடுத்திருந்தால் அந்தக் கதவு நமக்குத் திறந்திருக்கிறது. அதே 550-ல் 20 பேருக்கு மட்டும் கொடுத்திருந்தால், நீ எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அது குலுக்கல் சீட்டு. இரண்டு காலேஜும் 'தாராளமான ஸ்காலர்ஷிப்' என்று ஒரே மாதிரிதான் விளம்பரம் செய்யும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தே என் பட்டியலில் இருந்த பதினோரு பெயரை அடித்தேன்.

அதே பிடிஎஃபில் சி பிரிவில், காலேஜ் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் எந்த அளவில் இருக்கிறது என்றும் பார். சேர்ந்தவர்களில் மேல் கால்வாசி எங்கே தொடங்குகிறது என்று போட்டிருப்பார்கள். உன் 1470 அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் இடங்களில்தான் உனக்குப் பணம் வரும். 'உன்னைவிடச் சுமாரான பிள்ளைகள் படிக்கும் இடம்' என்று உன் தோழிகள் சொல்லலாம். அப்படிப்பட்ட இடங்களில் ஹானர்ஸ் காலேஜ் என்று தனியாக வைத்து, சின்ன வகுப்பு, முதல் வருடத்திலேயே ஆராய்ச்சிக்கூடம் என்று உன்னைப் போன்றவர்களைத் தாங்குகிறார்கள். தண்ணீரைப் பற்றிப் படிக்கவேண்டும் என்கிற பெண்ணுக்கு, 300 பேர் வகுப்பில் கடைசி வரிசையைவிடப் பேராசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆய்வகம் நல்லது என்று நான் மனதார நம்புகிறேன்.

நான் போட்டிருப்பதைச் சொல்கிறேன். இது முடிவில்லை, நீ வெட்டலாம், சேர்க்கலாம்.

முதலில் அஸ்திவாரம். கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியவேண்டும், கட்டமுடியும் என்று உறுதியாகத் தெரியவேண்டும், போனால் நீ சந்தோஷமாக இருப்பாய் என்றும் தெரியவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு இடத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும். அண்ணன் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தது, ஆனால் அது 14-ஆவது இடத்தில், யாரும் போய்ப் பார்க்காத இடமாக இருந்தது. எனக்குத் தெரிந்து உனக்கு அஸ்திவாரம் நியூவார்க்கில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்.ஜே.ஐ.டி. சுற்றுச்சூழல், சிவில் பொறியியல் எல்லாம் இருக்கிறது, டார்மன் ஹானர்ஸ் காலேஜ் இருக்கிறது, நம் மாநிலத்துக் கட்டணம், அதற்குமேல் மெரிட்டும் தருகிறார்கள். ரட்கர்ஸும் உண்டு. ஆனால் மாநிலக் காலேஜ் என்றாலே மலிவு என்று நினைத்துவிடாதே. ஹாஸ்டலில் தங்கினால் ரட்கர்ஸில் மொத்தம் 35 ஆயிரத்தைத் தாண்டுகிறது, நம் 32-க்கு மேலே. வீட்டிலிருந்து போய்வந்தாலோ மெரிட் கிடைத்தாலோதான் உள்ளே வரும். அண்ணன் இரண்டாம் வருடத்திலிருந்து வீட்டுக்கு வந்ததற்கு அம்மா சமையல் மட்டும் காரணமில்லை.

பள்ளியில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் கவுண்டி காலேஜில் டியூஷன் கட்டாமல் படிக்க என்.ஜே. ஸ்டார்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இரண்டு வருடம் அங்கே, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இதை நான் பட்டியலில் கடைசி வரியாக எழுதிவைத்திருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் அது மரியாதையான வழி. (அட்லாண்டாவில் இருக்கும் உன் மாமா மகனுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஜார்ஜியாவில் 1993-லிருந்து லாட்டரிப் பணத்தில் ஹோப் ஸ்காலர்ஷிப் தருகிறார்கள். மாநிலம் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது.)

அடுத்து, அட்டவணை போட்டுத் தருகிற இடங்கள். அலபாமா பல்கலைக்கழகம் பள்ளி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. இத்தனை, எஸ்.ஏ.டி. இத்தனை இருந்தால் இத்தனை டாலர் என்று முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறது. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் உண்டு, தனியாக நேர்முகம், கட்டுரை எதுவும் வேண்டாம். உன் 3.9-க்கும் 1470-க்கும் உரிய வரியில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 'தெற்கே அவ்வளவு தூரமா' என்று அப்பா முகம் சுருங்கியது. புதுக்கோட்டையிலிருந்து நியூஜெர்சி வந்த மனிதர் அலபாமாவைத் தூரம் என்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை. மெயின் பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு வழி. நம்மைப் போன்ற குறிப்பிட்ட மாநிலங்களிலிருந்து வரும் நல்ல மார்க் பிள்ளைகளிடம் அவரவர் மாநிலப் பெரிய பல்கலைக்கழகத்தின் உள்ளூர்க் கட்டணத்தையே வாங்குகிறார்கள். அதாவது ரட்கர்ஸ் கட்டணத்தில் மெயினில் படிக்கலாம். குளிர் தாங்குவாயா என்று நீதான் சொல்லவேண்டும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை நான் ஆசையோடு சேர்த்தேன். அங்கே விண்ணப்பம் வர வரப் பார்த்து முடிவு சொல்வார்கள், அதனால் சீக்கிரம் போட்டால் இலையுதிர் காலத்திலேயே ஒரு பதில் கையில் இருக்கும். மற்ற விண்ணப்பங்களை நீ பதற்றமில்லாமல் எழுதுவாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலில்தான் உனக்கு மொட்டை போட்டோம், அந்த ஊர் உனக்குப் புதிதில்லை. ஆனால் மெரிட் வந்தால்தான் கட்டுப்படியாகும்.

தனியாரில் கேஸ் வெஸ்டர்ன், டபிள்யூ.பி.ஐ., கிளார்க்சன். மூன்றுக்கும் அந்த எச்2ஏ கணக்கைப் போட்டுவிட்டேன், மூன்றிலும் நம்மைப் போன்றவர்களுக்குக் கை நீள்கிறது. கிளார்க்சன் கனடா எல்லைக்குப் பக்கத்தில் பாட்ஸ்டாம் என்ற சின்ன ஊரில் இருக்கிறது, ஆற்றங்கரையில். நீ படத்தைப் பார்த்தாலே பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். கேஸ் வெஸ்டர்னில் கிடைப்பதே கடினம், கிடைத்தாலும் மெரிட் சேர்ந்தால்தான் பேச்சு.

போட்டி போட்டு வாங்கும் பெரிய ஸ்காலர்ஷிப்புக்கு மேரிலாண்ட். காலேஜ் பார்க்கில் பேனக்கர்/கீ என்று ஒன்று. முழுச் செலவும் கிடைக்கவும் கூடும். அதற்கு நவம்பர் 1-க்குள் போட்டாகவேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல இடங்களில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி என்று போட்டிருப்பார்கள், மெரிட்டுக்கோ அது நவம்பரிலோ டிசம்பரிலோ முடிந்துபோயிருக்கும். கிடைத்தும் பணமில்லாமல் போவது பாதி இப்படித்தான். தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பில் எழுதிவிட்டேன்.

பி.எஸ்.ஏ.டி. தேர்வை வைத்துத் தரும் நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்பை நம்பவேண்டாம். உன் பி.எஸ்.ஏ.டி. குறியீடு 217. மேற்கு வர்ஜீனியாவில் இருந்திருந்தால் போதும், நியூஜெர்சியில் போதாது. மாநிலத்துக்கு மாநிலம் கோட்டை மாற்றுகிறார்கள், நம் மாநிலம் எப்போதும் உச்சியில். நீ அழுதது எனக்குத் தெரியும். அது உன் குறையில்லை.

எர்லி டிசிஷன் பற்றி. உன் சுவரில் இருக்கும் இடத்துக்கு அப்படிப் போடலாமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறாய். அவன் என்னிடம் சொல்லிவிட்டான், அவனைக் கோபிக்காதே. எர்லி டிசிஷன் என்பது முன்கூட்டியே விண்ணப்பித்துக் கொடுக்கும் வாக்கு. கிடைத்தால் வந்தே தீருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று நீயும் நானும் கையெழுத்துப் போடவேண்டும். நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்கும் உரிமையை அங்கேயே விட்டுவிடுகிறோம். 61 ஆயிரம் என்று தெரிந்த பிறகு என்னால் அந்தக் கையெழுத்தைப் போடமுடியாது. எர்லி ஆக்ஷன் வேறு, அதுவும் முன்கூட்டியே போடுவதுதான், ஆனால் அதில் கட்டு இல்லை, எத்தனை இடத்துக்கு முடியுமோ அத்தனை போடு. அந்த ஒரு இடத்துக்கு ஜனவரியில் சாதாரணமாகப் போட்டுத்தான் பார்க்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தடுக்கமாட்டேன், விண்ணப்பக் கட்டணம் நான் தருகிறேன். ஆனால் 32-க்குள் வராவிட்டால் போகமுடியாது என்பதை இப்போதே, ஆசை முற்றுவதற்கு முன்னால், நாம் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும்.

கடிதங்கள் வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடனை உதவி என்ற தலைப்பில் போடுவது அண்ணனுக்கு மட்டும் நடந்ததில்லை. நாடாளுமன்றத்துக்காகக் கணக்கு பார்க்கும் அரசுத் தணிக்கை அலுவலகம் 2022-ல் ஆராய்ந்தபோது, 91 சதவீத காலேஜ்கள் நாம் உண்மையில் கட்டவேண்டிய தொகையைக் கடிதத்தில் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று தெரிந்தது. அதனால் நான் பில்லிங்கில் செய்வதுபோலவே செய்வோம். ஒரு வெள்ளைத்தாள், மேலே மொத்தச் செலவு, அதில் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, திருப்பிக் கொடுக்கவேண்டாத பணத்தை மட்டும் கழித்து, மீதியை வட்டம் போடுவோம். கடனையும் கேம்பஸ் வேலையையும் கழிக்கமாட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். அந்த மெரிட் நான்கு வருடமும் வருமா, வரவேண்டுமானால் ஜி.பி.ஏ. எவ்வளவு? 3.0 என்றால் நிம்மதி. 3.5 என்றால் பொறியியலில் முதல் வருட வேதியியல், கால்குலஸ் இரண்டையும் நினைத்துக்கொள். ஒரு செமஸ்டர் சறுக்கினால் வருடத்துக்கு இருபது ஆயிரம் போய்விடும் என்ற பயத்தோடு நீ படிக்கக்கூடாது. இரண்டாவது, தொகை டாலரில் நிலையாக இருக்குமா, கட்டணம் ஏற ஏற அதுவும் ஏறுமா? பெரும்பாலும் ஏறாது. நான்காம் வருடக் கணக்கையும் முதல் வருடமே போட்டுப் பார்க்கவேண்டும்.

எதிர்வீட்டு ஆன்ட்டியை நேற்று பார்த்தேன். அவர்கள் பையனும் உன் வகுப்புதான். ஐந்து வயதில் இங்கே வந்தவன், இன்னும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசா. அரசாங்கக் கடன்கூட அவனுக்குக் கிடையாது, 21 வயதானால் விசாவையே மாற்றவேண்டும். காலேஜ் தன் கையிலிருந்து தரும் மெரிட் பல இடங்களில் அவனைப் போன்றவர்களுக்கும் உண்டு என்று சொல்லி, ஒவ்வொரு காலேஜுக்கும் மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொன்னேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ வந்ததும் அவனோடு உட்கார்ந்து இந்த எச்2ஏ கணக்கைச் சொல்லிக்கொடு.

அங்கே இருக்கும்போதே செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கட்டுரைக்கு என்ன எழுதுவது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. அந்த ஊருணிக்கு மழைத்தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, அது எங்கே அடைபட்டிருக்கிறது என்று பக்கத்துத் தெருத் தாத்தாவிடம் நீ கேட்டு நோட்டில் வரைந்தாயே, அதை முடித்துவிடு. என் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். ஒன்பது பெயர் இருக்கிறது. ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், அது நீ எழுதவேண்டியது. அது எந்த இடமாக இருந்தாலும் நான் எச் பிரிவைத் திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

நியூவார்க் ஏர்போர்ட்டுக்கு அண்ணன் வருகிறான். அம்மாச்சி கூழ்வடகம் கொடுத்தால் பெட்டியில் அடியில் வைக்காதே, நொறுங்கிவிடும். கைப்பையில் வை.

அன்புடன்,
அம்மா